விடியல் வெட்டு

கத்திக் காட்டச் சொன்னால் வர மாட்டேன் என்று கணீரக்கா போனிலேயே சொல்லிவிட்டாள்.

"ஐயோ, அப்படியெல்லாம் கேக்க மாட்டோம் மேடம். நீங்க வந்து உக்காந்தாலே எங்களுக்குப் போதும்," என்றார் பல் டாக்டர்.

அவர் நிஜமாகவே பல் டாக்டர்தான். சொந்தக் கிளினிக், வாசலில் பெயர்ப்பலகை, உள்ளே சாய்ந்து படுக்கும் நாற்காலி எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமையானால் 'மின்மினிப் படை' என்ற பழைய வீடியோ கேமுக்கு ரசிகர் சங்கம் நடத்துகிறார் என்று கேட்டபோது, அவரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பவர்களை நினைத்துத்தான் கணீரக்காவுக்குப் பாவமாக இருந்தது.

கணீரக்கா என்பது தொழில் வைத்த பெயர். டப்பிங் தியேட்டரில் அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்றால் ஒலிப்பதிவாளர் முதலில் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பார், அப்புறம்தான் நிமிர்ந்து வணக்கம் சொல்வார். எத்தனையோ மாமியார்களுக்கும் வக்கீல்களுக்கும் பேய்களுக்கும் அவள் தொண்டையைக் கொடுத்திருக்கிறாள். ஊரில் பாதி லிஃப்டுகளில் 'கதவு மூடுகிறது' என்று இன்றைக்கும் எச்சரிப்பது அவள்தான். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதிலும் வேலைக்குக் குறைவில்லை. என்றைக்கோ ஒரு மத்தியானம் செய்து தொலைத்த கார்ட்டூன் கேம் வேலைக்காக யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"கார்ட்டூன் இல்ல மேடம், அனிமே," என்று பல் டாக்டர் பணிவாகத் திருத்தினார்.

"பொம்மை வாயைத் திறந்து மூடுதா?"

"ஆமா மேடம்."

"அப்ப கார்ட்டூன்தான்."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர் அவர். பயந்தவர்களுக்கும் பதறுகிறவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்ததால் எதற்கும் அசைய மாட்டார்.

"போயிட்டுத்தான் வாயேன். ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா என்னைத்தான் திட்டுவ. அங்க போனா ஆள் நிறைய கிடைப்பாங்க," என்றார்.

மின்மினிப் படை வெளிநாட்டிலிருந்து வந்த தொடர். சிறகு முளைத்த பெண்கள் உலகத்தைக் காப்பாற்றுவார்கள். உலகமும் வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். அதை நம் மொழியில் பேச வைத்தபோது, கதாநாயகி சுடருக்குக் குரல் கொடுக்கத்தான் கணீரக்கா போனாள். மேடை நாடகத்தில் பெயர் வாங்கிவிட்டு வந்தவள், அந்த வேடம் தனக்கில்லாமல் யாருக்கு என்று இருந்தாள். தியேட்டர் முதலாளி தன் அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணை எல்லோரும் பாப்பா என்பார்கள். கல்லூரி முடித்த பெண்ணுக்கு அது என்ன பெயரோ. பாப்பாவின் குரல் பால் கலக்காத டீ மாதிரி மெலிசாக இருக்கும். கணீரக்காவுக்குக் கிடைத்தது வில்லி, சாம்பல் ராணி. தோற்றுக்கொண்டே இருப்பதும் தோற்றுவிட்டுச் சிரிப்பதும்தான் ராணிக்கு வேலை.

தொடர் ஓடிய ஜோரில் அதை வைத்து ஒரு சண்டை கேம் போட்டார்கள். டிவியோடு ஒயரில் மாட்டும் பெட்டி, அதன் தலையில் சொருகும் கேசட். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, ஒருத்தர் விழுகிற வரைக்கும் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். வசனம் ஒன்றும் கிடையாது. அடிக்கும்போது ஒரு சத்தம், வாங்கும்போது ஒரு சத்தம், சாகும்போது ஒரு சத்தம். கடைசி ஆயுதத்தை எடுக்கும்போது மட்டும் ஒரு முழக்கம். ராணிக்கு 'சாம்பலாகு!', சுடருக்கு 'விடியல் வெட்டு!'

பதிவு நாளன்று பாப்பா மைக் முன்னால் நின்று இரண்டு தடவை கத்தினாள். மூன்றாவது தடவை காற்றுதான் வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போய்விட்டாள். முதலாளி கண்ணாடிக்கு வெளியே வந்து, "ஏம்மா, அந்தப் பொண்ணோட கத்தலையும் கொஞ்சம் பாத்து விட்டுடேன்," என்றார், அடுப்பில் இருக்கிற பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைப் போல. கணீரக்காவும் பார்த்து விட்டாள். தொண்டையைச் சுருக்கி, வயதைக் குறைத்து, சுடரின் அத்தனை அடியையும் அவளே வாங்கினாள். விடியல் வெட்டையும் அவளே வெட்டினாள். வேலை முடிந்ததும் வெந்நீர் குடித்துவிட்டு வேறொரு படத்தின் பேய்க்குப் பேசப் போய்விட்டாள். கேசட்டின் அட்டையில் சுடரின் குரல் என்று பாப்பா பெயர் வந்திருப்பதாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். குப்பையில் போட்டதற்கு யார் பெயர் எழுதினால் என்ன.

ரசிகர் சங்கத்தின் கூட்டம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் நடந்தது. படியேறும்போதே வார்னிஷ் நெடி கூடவே ஏறிற்று. உள்ளே சுவரோரமாகப் பழைய வயிறு பெருத்த டிவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரும்புக் கடைக்காரன்கூட எடுத்துப்போக யோசிப்பான். புது டிவியில் பட்டனை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் கண்ணிமைக்கிற நேரம் தாமதம் வருமாம், அதனால் பழசுதான் வேண்டுமாம். பல் டாக்டர் இதை வேர் சிகிச்சையை விளக்குவது போல மெதுவாக விளக்கினார். அவர் போட்டிருந்த சட்டையின் முதுகில் சுடர் சிறகை விரித்துக்கொண்டிருந்தாள். தொப்பை இருந்த பக்கம் நல்ல வேளையாக ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு டிவிக்கு முன்னாலும் இரண்டு இரண்டு பேராகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பட்டன்களை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்மண்டை வழுக்கையானவர்கள், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவர்கள். பெண்களும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தாடி வைத்த ஒருவர் வெள்ளிக் காகிதத்தில் சிறகு செய்து முதுகில் கட்டியிருந்தார். அவர் திரும்பும்போதெல்லாம் சிறகு பக்கத்தில் நின்றவர்களின் கன்னத்தில் அறைந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"இவங்களுக்கெல்லாம் வீட்ல கேக்க ஆள் இல்லையா?" என்றாள் கணீரக்கா கணவரின் காதில்.

"உன்னை மாதிரி ஒருத்தி வீட்ல இருக்கப்போயித்தான் இங்க வந்து உக்காந்திருக்காங்க."

அந்த கேமை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. இப்போதுதான் ஒரு டிவியின் முன்னால் நின்று பார்த்தாள். கட்டம் கட்டமாக ஒரு பெண், கத்தரிக்கோல் மாதிரி காலைத் திறந்து மூடி நடந்துகொண்டிருந்தாள். சாம்பல் ராணியாம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதி கடித்த பிஸ்கட் மாதிரி ஏதோ இருந்தது. இந்த மூஞ்சிக்காகவா அடிவயிற்றிலிருந்து கத்தினோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் சுடராக விளையாடியவர் பட்டன்களை மேலும் கீழுமாக ஏதோ கணக்கில் தட்டினார். திரை வெளுத்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல ஒரு குரல் வந்தது.

"விடியல் வெட்டு!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும், தத்தம் ஆட்டத்திலிருந்து தலையைத் தூக்காமலே, கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

கணீரக்காவுக்குச் சுருக்கென்றது. 'வெ'வுக்கு முன்னால் ஒரு குட்டி மூச்சு இருந்தது. நாடகத்தில் வாத்தியார் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த மூச்சு அது, கத்தியை ஓங்கிவிட்டு ஒரு கணம் நிறுத்துகிற மாதிரி. அந்த ஓட்டை டப்பாவுக்குள் அது நசுங்காமல் கிடந்தது. ஒரு விநாடி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உடனே அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. இதற்குப் போய்.

"எங்க எல்லாரையும் வளத்த குரல் மேடம் இது," என்றார் பல் டாக்டர், கண்ணோரம் பளபளக்க.

"எது?"

"விடியல் வெட்டு. அவங்களும் வராங்க மேடம் இன்னைக்கு. பாப்பா மேடம். உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

பாப்பா வந்தபோது கூடமே எழுந்து நின்றது. கணீரக்கா வந்தபோது இரண்டு பேர் நகர்ந்து வழிவிட்டார்கள், அவ்வளவுதான். பாப்பாவுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி இருக்கும். உடம்பு பூசி, தலைக்குச் சாயம் போட்டு, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தாள். சிறகுக்காரர் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தார். வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள், சிலர் பழைய கேசட்டின் முதுகிலேயே. பாப்பா ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, தலையைச் சாய்த்து, சிரித்தாள். இந்தத் தொழிலை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் இதை மட்டும் விடாமல் பழகியிருக்கிறாள் என்று தெரிந்தது.

கணீரக்காவைக் கண்டதும் அந்தச் சிரிப்பு வழுக்கியது. "அக்கா!" என்று கட்டிப்பிடித்தாள். பிடித்த கையை விடாமல் அப்படியே பக்கத்திலிருந்த சின்ன அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மடக்கு நாற்காலிகளும் தண்ணீர் கேன்களும் அடுக்கியிருந்த அறை. கதவைச் சாத்தினாள்.

"நீங்க வருவீங்கன்னு யாரும் சொல்லலக்கா."

"எனக்கும்தான் சொல்லல. உனக்குத்தான் ஊரே எந்திரிச்சு நிக்குதே, அப்புறம் என்ன?"

"மேடையில கத்தச் சொல்லுவாங்க. எங்க போனாலும் கேப்பாங்க. சளி, தொண்டை சரியில்லைன்னு ஏதாவது சொல்லி சமாளிச்சுடுவேன். போன தடவையே ஒரு மாதிரி பாத்தாங்க." பாப்பா கண்ணாடியைக் கழற்றினாள். "அக்கா, மேடைக்குப் பின்னாடி கட்டியிருக்குற திரைக்குள்ள நின்னு ஒரே ஒரு தடவை..."

"நீ வாயசைப்ப. நான் கத்தணும்."

"நம்ம தொழிலே அதுதானேக்கா?"

கணீரக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "தொழில்ல, அடுத்தவ வாய பாத்து நான் பேசுவேன். என் வாய பாத்து எவளும் பேர் வாங்கினதில்ல. நீ வாங்கியிருக்க. சரி, தொலையட்டும்னு விட்டேன். இப்ப உனக்கு நான் ஒளிஞ்சு நின்னு வேற கத்தணுமா? எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு?"

"கோச்சுக்காதீங்க."

"கோவிக்கிற அளவுக்கு இது ஒரு விஷயமே இல்ல பாப்பா. பொம்மை சண்டை. அதுக்கு வந்து அழுற இந்தக் கூட்டம் ஒரு பக்கம், அவங்கள ஏமாத்திக் கையெழுத்து போடுற நீ ஒரு பக்கம். கதவைத் திற, எனக்கு வார்னிஷ் நாத்தமே தேவலாம்."

மேடை என்றால் நான்கு மேசைகளைச் சேர்த்து விரிப்புப் போட்டதுதான். பாப்பா மைக்கைப் பிடித்து, பதிவு நடந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். கத்திக் கத்தித் தொண்டையில் ரத்தம் கட்டிக்கொண்டதாம். ஒரு வாரம் எழுதிக் காட்டித்தான் வீட்டில் தண்ணீர் கேட்டாளாம். "ஆனா சுடருக்காக அதை செஞ்சேன். உங்களுக்காக செஞ்சேன்," என்றாள். சிறகுக்காரர் மூக்கை உறிஞ்சினார். கணீரக்கா மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, விரிப்பில் இருந்த டீக்கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சுட்டது. பொய்யைக் கேட்டுப் பழகாதவள் இல்லை. ஆனால் சொல்கிற பொய்யைக் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லக் கூடாதா? 'ரத்தம்' என்கிற இடத்தில் மூச்சு விட்டு வார்த்தையை முழுங்குகிறாளே, இவளா விடியல் வெட்டு?

அப்புறம் பல் டாக்டர் காட்சிப் போட்டியை அறிவித்தார். மேடையில் இருக்கும் டிவியில் அவரே சுடரை எடுத்துக்கொள்வார், சிறகுக்காரர் சாம்பல் ராணியை. இரண்டு குரலரசிகளின் முன்னிலையில் நடக்கும் சரித்திரப் போட்டி என்றார். கூடம் ஆர்ப்பரித்தது.

கணீரக்கா எழுந்தாள். எழ வேண்டும் என்று அவள் முடிவெடுத்ததாகவே நினைவில்லை.

"டிவி சத்தத்தை நிறுத்துங்க."

"மேடம்?"

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

பல் டாக்டர் குமிழைத் திருகினார். கணீரக்கா மைக்கை வாங்கி, உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை ஊன்றிக்கொண்டாள். தியேட்டரில் அவள் நிற்கிற விதம் அதுதான். கண் திரையை விட்டு நகரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ராணி கையை வீசினாள், வீச்சுக்கு ஒரு உறுமல். சுடரின் தாடையில் பட்டது, சின்னதாக ஒரு 'ஹக்'. சுடர் எகிறி உதைத்தாள், இளம் தொண்டையிலிருந்து ஒரு சீறல். ராணி பின்னால் சரிந்தாள், கிழடு தட்டிய நெஞ்சிலிருந்து ஒரு முனகல். படம் முந்துவதற்குள் குரல் போய்ச் சேர்ந்தது. தோள் அசைவதைப் பார்த்தே எந்த அடி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தரையில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பட்டன்களைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு நிமிர்ந்தார்கள். ஒரே வாயிலிருந்து இரண்டு பெண்கள் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். அடிப்பவளின் வெறி அடங்குவதற்குள் அடிபட்டவளின் வலி வந்தது. 'சாம்பலாகு!' என்று அவள் சீறியபோது கீழே மரச்சாமான் கடையில் யாரோ எதையோ தவறவிட்ட சத்தம் கேட்டது. பல் டாக்டர் பழக்கத்தில் பட்டன்களை மேலும் கீழுமாகத் தட்டிவிட்டார். திரை வெளுத்தது. கணீரக்கா தொண்டையைச் சுருக்கினாள், வயதைக் குறைத்தாள், ஓங்கினாள், ஒரு கணம் நிறுத்தினாள்.

"விடியல் வெட்டு!"

இந்தத் தடவை யாரும் கூடச் சேர்ந்து கத்தவில்லை. ராணி விழுந்தாள். விழுந்தவளின் கடைசி மூச்சையும் கொடுத்துவிட்டு அவள் மைக்கைத் தாழ்த்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி கைதட்டல் எழுந்தது. அவளுக்கு வியர்த்திருந்தது. உண்மை தானாக வெளியே வந்துவிட்டது, இனி வாயைத் திறந்து விளக்கக்கூட வேண்டாம் என்று நினைத்தாள்.

பல் டாக்டர் மைக்கை வாங்கினார். "மேடம்! இப்படி ஒரு மிமிக்ரிய நான் பாத்ததே இல்ல! பாப்பா மேடத்தோட குரல அப்படியே அச்சு அசலா இறக்கிட்டீங்க!"

கணீரக்கா அவர் வாயையே பார்த்தாள். ஊரார் வாயையெல்லாம் நோண்டிச் சம்பாதிக்கிற மனுஷனுக்கு, ஒரு வாயிலிருந்து வருவது அந்த வாயுடையதா என்று தெரியவில்லை.

அவள் பாப்பாவின் பக்கம் திரும்பினாள். கூடத்தில் விஷயம் தெரிந்த இன்னொருத்தி அவள்தான். பாப்பா தலையைச் சாய்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள். "அக்கா அந்தக் காலத்துலயே எங்க எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவாங்க," என்றாள்.

"ஆமா," என்றாள் கணீரக்கா. மைக்கைக் கொண்டுபோய் அவள் கையில் திணித்தாள். "என்னோடது வெறும் மிமிக்ரி. அசல் எப்படி இருக்கும்னு நீயே காட்டிடு பாப்பா."

தப்பிக்க வழியில்லை. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்தது என்னவோ சைக்கிள் பிரேக் போட்ட சத்தம். 'விடியல்' பாதியில் உடைந்தது, 'வெட்டு' வெளியிலேயே வரவில்லை. இருமல்தான் வந்தது.

அப்புறம் பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "என்ன இருந்தாலும் அசல் அசல்தான்!"

முன்னதைவிடப் பெரிய கைதட்டல். சிறகுக்காரர் வாய்விட்டே அழுதார். சுடருக்காகப் பாழாய்ப்போன தொண்டை அல்லவா அது.

கணீரக்கா செருப்பை மாட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். சட்டையில் பொம்மை போட்ட ஒருவர் கையெழுத்துக் கேட்டு நீட்டிய கேசட்டை, குப்பைத் தாளை ஒதுக்குவது போல ஒதுக்கினாள். கணவர் முன்னால் படியிறங்கினார்.

கடைக்குப் பின்புறம் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பாப்பா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னும் என்ன?" என்றாள் கணீரக்கா.

"என்னை அங்கயே நாறடிச்சிருக்கலாம். ஏன் விட்டீங்க?"

"யாருக்கிட்ட சொல்றது? அந்த மந்தைக்கிட்டயா? சைக்கிள் பிரேக்குக்குக் கை தட்டுற காது அது. அதுங்க வாயால பாராட்டு வாங்கினா எனக்குத்தான் கேவலம்."

"உங்களுக்கு அது ஒண்ணுமில்லக்கா. நூறு வேஷம் பண்ணிட்டீங்க." பாப்பாவின் குரல் இன்னும் மெலிந்தது. "எனக்கு அந்தத் தொடர் முடிஞ்ச கையோட கல்யாணம். அப்புறம் பிள்ளைங்க. அவர் போனதுக்கப்புறம் வீட்ல யாரும் என்கிட்ட நாலு வார்த்தை சேந்து பேசறதில்ல. ஒரு நாள் இவங்க தேடி வந்தாங்க. நீங்கதானே அந்தக் குரல்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"வரலைன்னா வச்சுக்கோ," என்றாள் கணீரக்கா. "எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ. காலுக்குச் சேராத செருப்பு, யாரு போட்டா என்ன."

காரின் கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். கணவர் சாவியைத் திருகினார். வண்டி நகர்ந்து திரும்பும் இடம் வந்ததும், "நிறுத்துங்க," என்றாள். இறங்கி விறுவிறுவென்று நடந்து வந்தாள். பாப்பா அங்கேயே நின்றிருந்தாள்.

"இல்ல. வச்சுக்காத," என்றாள் கணீரக்கா. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது, எந்த வேடத்துக்கும் கொடுத்த குரலாக இல்லை. "பொம்மை கேவலமா இருக்கு. கேம் குப்பை. அவனுங்க மடப்பசங்க. ஆனா அந்தக் கத்தல் நல்லா இருக்கு பாப்பா. நான்தான் கத்தினேன். அது என்னோடது."

பதிலுக்குக் காத்திராமல் கணீரக்கா திரும்பி நடந்துவிட்டாள்.

அந்த வாரம் போவதற்குள் பாப்பா சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் விஷயத்தைப் போட்டுவிட்டாள். நாலே வரி. அந்தச் சத்தங்கள் என்னுடையவை அல்ல, எல்லாம் அக்காவினுடையவை, மன்னித்துவிடுங்கள் என்று. பல் டாக்டர் கணீரக்காவைக் கூப்பிட்டு அழாத குறையாக ஒப்பித்தார். அன்றைக்குக் கூட்டத்தில் எடுத்த வீடியோவையும் கேசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாராம். மூச்சு ஒன்றுதானாம். "எங்களை மன்னிச்சிடுங்க மேடம். அந்தம்மாவை குழுவை விட்டே தூக்கிட்டோம். போஸ்டர்லேந்து அவங்க போட்டோவ எடுத்துட்டு உங்க போட்டோ போடப்போறோம்."

"எதுக்குத் தூக்கினீங்க?"

"பின்ன என்ன மேடம், எத்தனை வருஷம் எங்களை ஏமாத்தியிருக்காங்க! ஃப்ராடு மேடம் அவங்க. நாங்க கேசட்டுல வாங்கின கையெழுத்தையெல்லாம் ஸ்பிரிட் போட்டு அழிச்சுக்கிட்டிருக்கோம்."

நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். இருமலுக்கு அழுதவர்கள்.

"டாக்டர், தொடர்ல சுடருக்குப் பேசினது யாரு?"

"அது... அவங்கதான் மேடம்."

"அவ ஏமாத்தினா, சரி. உங்க காது ஏமாந்துச்சே, அதை எந்த ஸ்பிரிட் போட்டு அழிப்பீங்க? என் போட்டோவ எங்கயாவது ஒட்டினீங்கன்னா நானே வந்து கிழிப்பேன். பல்லைப் பிடுங்குற வேலையை மட்டும் பாருங்க."

போனை வைத்துவிட்டாள். கணவர் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தார். "குரல் உன்னதுன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"சந்தோஷமா?"

"மண்ணாங்கட்டி," என்றாள். ஆனால் அன்று முழுக்க, ஒரு தடவை துணி மடிக்கும்போதும் ஒரு தடவை கண்ணாடி முன்னாலும், அந்தக் குட்டி மூச்சை விட்டு நிறுத்திப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் பாப்பாவைக் கூப்பிட்டாள். நீண்ட நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"அழுதுக்கிட்டு இருக்கியா?"

"இல்லக்கா."

"பொய்கூட உருப்படியா சொல்ல வராது உனக்கு. கேளு. ஒரு சீரியல் வந்திருக்கு. அதுல ஒரு நாத்தனார், மூணு வேளையும் எதுக்காவது பொலம்பிக்கிட்டே இருப்பா. என்னால முடியல, நான் பொலம்பினா மிரட்டுற மாதிரி இருக்குதாம். நாளைக்குக் காலைல தியேட்டருக்கு வா."

"எனக்கு விட்டுப்போய் எவ்வளவு காலமாச்சு..."

"யாரும் கத்தச் சொல்லல. வெந்நீர் எடுத்துட்டு வா, அங்க குடுக்குறது கழனித்தண்ணி மாதிரி இருக்கும். அப்புறம், அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து நிக்காத, வசனம் படிக்க முடியாது."

பாப்பா வந்தாள். பழைய தியேட்டர் இல்லை இது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு அறை, சுவரெல்லாம் பஞ்சு. மைக் முன்னால் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் வரியில் நாத்தனார் வாயை மூடிய பிறகும் பாப்பா பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை நாத்தனார் திறப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட்டாள். ஒலிப்பதிவு செய்த இளைஞர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணீரக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குற? அவள பாரு," என்றாள் கணீரக்கா.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, திரையில் நாத்தனார் அடுப்படிக் கதவில் சாய்ந்து, தன்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று சொன்னாள். பாப்பாவின் மெலிந்த குரல் அந்த உதட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. இளைஞர் கட்டைவிரலை உயர்த்தினார்.

கணீரக்கா உள்ளே இருப்பவரோடு பேசும் மைக்கின் பட்டனை அழுத்தினாள். "சுமார். 'கூப்பிடல'ல லகரத்தை முழுங்கிட்ட. இன்னொரு தடவை போ."

பாப்பா வெந்நீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, மறுபடி மைக்கின் முன்னால் வந்து நின்றாள்.